விருப்ப ஒழுங்கு

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
விருப்ப ஒழுங்கில் நிரப்புக என்கிறது.
யாருடைய விருப்பம் என்று கேட்கவில்லை.

வேணுஜாவுக்கு நூற்றி முப்பத்தேழு.
வெட்டுப்புள்ளிக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டாள்.
பெறுபேறு வந்த இரவு வீட்டில் யாருக்கும் பசிக்கவில்லை,
அவளைத் தவிர.
இரண்டாம் முறை மீன் போட்டுக்கொண்டு கேட்டாள்:
"நூறு மீற்றருக்கு எத்தினை புள்ளியம்மா?"

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில்
இரண்டு அரைநாள் லீவு சொல்லி
ஸ்கூட்டியில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு
பள்ளிக்கூடம் பார்க்கப் புறப்பட்டேன்.

முதலாவதில்
சுவர் முழுக்கத் தங்க எழுத்தில் டொக்டர்மார்,
நடுவில் ஒரு நீதவான்.
அதிபர் நல்ல மனுசி, தேத்தண்ணி தந்தா.
மைதானம் எங்கே என்று கேட்டேன்.
யன்னலைத் திறந்து
மூன்று மாடிக் கட்டடத்தைக் காட்டினா.
"அதுக்குக் கீழ."

இரண்டாவதில் மைதானம் இருந்தது.
மைதானம் என்றால்
கடலை எட்டிப் பார்த்து மதிலில் நிற்கிற மைதானம்.
நடுவில் நான்கு மான்கள்
காலைக்கூட்டத்துக்குப் பிந்தி வந்த பிள்ளைகள்போல
தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன.
விளையாட்டு ரீச்சர்?
"மாற்றலாகிப் போயிட்டா. ஆள் கேட்டிருக்கு."
எப்போது?
காவலாளி விரல் மடித்து மாதங்களை எண்ணினார்;
ஒரு கை முடிந்து
மற்றக் கைக்குப் போனார்.

மூன்றாவது, சாம்பல்தீவுப் பக்கம்.
மாரித் தண்ணீர் பாதி மைதானத்தில்,
ஆய்வுகூடத்தில் ஒரேயொரு நுணுக்குக்காட்டி, உறைக்குள்.
கணித பாடத்துக்கு வாரத்தில் மூன்று நாள்தான் ஆள்.
ஆனால் விசிலோடு ஒரு மாஸ்டர்,
தண்ணீர் ஏறாத ஓரத்தில் பதினாறு பெண்பிள்ளைகள்,
கோல் கைமாறும் சத்தம்:
"பிடி! பிடி! விடாத!"

நான் ஓடினவள் இல்லை.
சின்னதிலிருந்தே முட்டு.
பஸ் போனால் அடுத்த பஸ்.
அதனால் எதைப் பார்ப்பதென்று தெரியாமல்
மலசலகூடத்தைத்தான் பார்த்தேன்:
கதவுக்குக் கொண்டி இருக்கிறதா?
வியர்த்து வரும் பிள்ளைக்கு
உடை மாற்ற ஒரு கொண்டி வேண்டும்.
மூன்றாவதில் இருந்தது, கம்பி வளைத்துச் செய்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கட்டாரிலிருந்து அவர்:
"முதலாவதையே போடு. ஓட்டம் பதினெட்டோட முடிஞ்சிரும்."
முடியும்தான்.
பதினொன்றிலிருந்து பதினெட்டுவரைக்கும்
எங்கே வைத்திருப்பது அந்தக் கால்களை?
இப்போதே கட்டிலுக்குள் அடங்குவதில்லை.

இரவு, படிவத்தை விரித்துவைத்துக் கேட்டேன்:
உனக்கு எது?

மைதானம் பற்றி அவள் பேசவில்லை.
மான்களை மட்டும் கொஞ்சம் சொன்னாள்.
பிறகு,
"மெலிசா எங்க போறாள்?"

பாலையூற்று மெலிசா.
வலயப் போட்டியில்
ஒரு நெஞ்சளவு முன்னால் நாடாவைத் தொட்டவள்.
அன்று வீடு வரும்வரை இவள் வாய் திறக்கவில்லை,
சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

கூட்டுக்காரியாக வேண்டுமாக்கும் என்று நினைத்து,
"சேர்ந்து ஒரே பள்ளிக்கூடம் போகலாமே" என்றேன்.

"விசரா அம்மா?
ஒரே பள்ளிக்கூடம் எண்டா
ரிலேயில அவளுக்குக் கோல் குடுக்க வேண்டி வரும்.
அவள் போறதுக்கு நான் போகமாட்டன்.
எனக்குப் பக்கத்துக் கோட்டில
வேற நிறத்தில
அவள் நிக்கவேணும்."

சொல்லிவிட்டுக் கவிழ்ந்து படுத்தாள்.
இரண்டு நிமிடத்தில் நித்திரை.
போர்வைக்கு வெளியே ஒரு குதிக்கால்,
அதில் காயாத ஒரு கொப்புளம்.

வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்கவேண்டும்.
பேனையைத் திறந்தேன், மூடினேன்.
மெலிசாவின் தாய் மாதம் ஒருமுறை
பிரஷர் குளிசை எடுக்க
என் கவுண்டருக்குத்தான் வருவா.
நாளைக்கு வந்தால்
மருந்தைக் கொஞ்சம் மெதுவாக எண்ணிக்கொண்டே
கேட்டுப் பார்க்கலாம்.

அவவும்
அதைத்தான் கேட்கவந்து
வரிசையில் நிற்கிறாவோ தெரியாது.