வேறொருவர் கால்

துர்க்கு நகரில் மார்ச். ஷெட்டுக்குள்ளும் மூச்சு புகைகிறது.
எழுபத்து மூன்றாம் வருட டாட்சனின் தரையை
நான்கு விரற்கடை அறுத்து அகலமாக்கினோம்,
எட்டு கியர் ஆட்டோமேட்டிக் உள்ளே நுழைய.
மூன்று பிளேடு செத்தது.
ஹன்னு வந்து பார்த்தான்:
"குதிரைக்கு லிஃப்ட் வைக்கிறாயா?"

பெட்டி ஒரு பி.எம்.டபிள்யூ குடும்ப வண்டியுடையது;
முகம் நொறுங்கி ஏலத்துக்கு வந்தது.
ஓட்டியது யார், நான் கேட்கவில்லை.

கிளட்ச் மிதி இருந்த இடத்தில் இப்போது தகரம்.
அறுவை முடிந்த என் இடது முட்டி
வேலை போன ஆள் மாதிரி
அதன்மேல் சும்மா கிடக்கிறது.

முதல் ஓட்டம். மிதிக்கிறேன்.
என்ஜின் உறுமுகிறது; பெட்டியோ
மூன்றிலிருந்து நான்குக்கு,
தூங்கும் குழந்தையைத்
தோள் மாற்றிக்கொள்வது போல்.

மடியில் லாப்டாப்போடு ரெய்யோ:
"முந்தைய ஆளின் பழக்கம். கற்று வைத்திருக்கிறது.
ஒரே பொத்தான்தான். அழித்துவிடவா?"

நாந்தாலி வரை ஐஸ் விலகாத கடல்.
வளைவுக்கு முன்பே
ஒரு கியர் இறங்குகிறது,
நான் கேட்காமலே.

"இரு" என்றேன்.
"வீடு போய்ச் சேரட்டும்."