பொறுப்பு

இன்ஸ்பெக்டர் மாறுதலில் போய்ப் பதினோரு நாள்.
நாற்காலி முதுகில் கிடக்கும் வெள்ளைத் துவாலையை
யாரும் எடுக்கவில்லை.
கோத்தகிரிப் பனிக்கு அது தானாக நனைகிறது,
தானாகக் காய்வதில்லை.

ஒரு ஸ்டேஷனை யார் நடத்துகிறார்கள்?
பலகையைப் பாருங்கள்.
ஊட்டியில் எஸ்.பி., அவருக்குக் கீழே டி.எஸ்.பி.,
பிறகு இன்ஸ்பெக்டர், எஸ்.ஐ., ஏட்டு என்று
படி படியாக இறங்கி வருகிறது பெயின்ட்.
என் பெயர் அதில் இல்லை.
ரைட்டர் என்பவள்
பலகை எழுதியவனுக்குக் காசு கொடுத்து
ரசீது வாங்கி வைப்பவள்.

ஆனால் மாலை ஆறரைக்கு
யார் எங்கே நிற்பது என்பதை நான்தான் எழுதுகிறேன்.
போஜராஜுக்கு முட்டி வலி, டானிங்டன் ஏற்றம் வேண்டாம்.
தேனியிலிருந்து வந்த புதுப் பையன்
இரண்டு ஜெர்க்கின் போட்டும் பல் தந்தியடிக்கிறான்,
அவனுக்கு மார்க்கெட் பீட், டீக்கடைப் பக்கம்.
காட்டெருமை இறங்கும் ரோட்டுக்கு
அதைக் கண்டு ஓடாத ஆள்.
ஹெத்தை பண்டிகைக்கு லீவு கேட்டவர்கள் நாலு பேர்,
கொடுக்க முடிந்தது இரண்டு.
பேச்சுவார்த்தை இல்லாத இருவரை
ஒருமுறை ஒரே பைக்கில் ரவுண்ட்ஸ் அனுப்பினேன்.
பட்டா புத்தகத்தில் ஒரே இடம், இரண்டு கையெழுத்து,
அரைமணி வித்தியாசம்.

அன்று எஸ்.ஐ. கோர்ட்டு வேலையாக ஊட்டி போனவர்
மண்சரிவில் அந்தப் பக்கமே தங்கிவிட்டார்.
நஞ்சுண்டன் எஸ்.எஸ்.ஐ. அமைச்சர் பந்தோபஸ்துக்கு.
சட்டத்தில் ஒரு வரி உண்டு:
பொறுப்பு அதிகாரி இல்லாத நேரத்தில்
நிலையத்தில் இருப்பவர்களில்
கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட மூத்தவரே பொறுப்பு அதிகாரி.
பயிற்சிப் பள்ளியில் மனப்பாடம் செய்தது.
பரீட்சைக்கு இரண்டு மார்க்.

பாரா, இரண்டிலிருந்து நான்கு: ஜெயசிங்.
நானே எழுதியது.
இரண்டு இருபதுக்குப் பனியைக் கிழித்துக்கொண்டு
ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வந்தது.
பாராக்காரன் கேட்க வேண்டியதைத்தான் கேட்டான்:
"யாரைப் பாக்கணும்?"
கடைசி எழுத்தில் குரல் உள்ளே போய்விட்டது.
அவள் அவனைத் தாண்டி வந்தாள்.

லீதியாள். குவார்ட்டர்ஸில் எனக்கு நேர் மேல் வீடு.
பாத்திரம் விழுகிறது என்று
மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட வீடு.
இடது கையை வலது கையால் ஏந்தியிருந்தாள்,
வேறு யாருடையதோ போல.

"ஆபீசர் யாரு இருக்கா?"

காலையில வாம்மா, ஐயா வரட்டும்:
வாய் பாதி திறந்துவிட்டது.
அந்த ஒரு வாக்கியத்தால்
எத்தனை பேரை இந்தப் படியிறக்கியிருப்பேன்.
"நான்தான்" என்றேன்.

முதலில் வெளியே போனேன்.
"ரைபிளைக் கொடு."
"ரைட்டரம்மா, இது வீட்டு விஷயம்."
"கொடு ஜெயசிங்."
பனிக்கட்டியாக இருந்தது இரும்பு.
ரவைகளை எண்ணி வாங்கினேன்,
ஐந்து. இரண்டாம் முறையும் ஐந்து.
பையனை எழுப்பி வாசலில் நிறுத்தினேன்.
பல் அடித்தது. நின்றான்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு
ஹீட்டரை அவள் காலருகே இழுத்துப் போட்டேன்.
அவள் மெதுவாகச் சொன்னாள்.
என் பேனா அதைவிட மெதுவாக.
எதிரியின் தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றது.
கீழே என் கையெழுத்து,
அதற்குக் கீழே 'நிலையப் பொறுப்பு அதிகாரி':
கட்டம் போதவில்லை,
எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது.

ஐந்து மணிக்கு எஸ்.ஐ. போனில்:
"விடியிற வரைக்கும் வெச்சிருக்கக் கூடாதா?"
"நம்பர் போட்டாச்சு சார்."

போஜராஜ் டீயை என் மேஜையில் வைக்காமல்
ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.
எழுந்து போய் எடுத்துக் குடித்தேன்.

மாலை ஆறரை.
நோட்டைத் திறக்கிறேன். இன்று
தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க யாரும் வரவில்லை.
மார்க்கெட், டானிங்டன், பஸ் ஸ்டாண்டு.
பாரா, இரண்டிலிருந்து நான்கு: ஆள் குறைகிறது.
என் பெயரை எழுதினேன்.
பையனிடம் ஒரு ஜெர்க்கின் கடன் கேட்க வேண்டும்.