ஓதம்

பதினோராம் மாதச் சீட்டு என் பேருக்கு விழுந்தது.
கம்மல் என்றார் மாமியார்.
வண்டிக்கு டயர் என்றார் ஏசுபாதம்.
தீவு என்றேன்.
சொன்னது நான்தானா என்று
எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனி,
தையல் பிரிவு, மூன்றாவது வரிசை.
என் கை பட்ட ஜோடிகள்
அட்டைப்பெட்டியில் படுத்தபடி கடல் தாண்டுகின்றன.
நான் இந்தப் பக்கம் வேலூர் ஆஸ்பத்திரி,
அந்தப் பக்கம் வி.கோட்டா தக்காளி மண்டி.

மூன்று ராத்திரிக்குத்தான் போகிறோம்.
ஆனாலும் பெண் கொடுக்கப்போகும் வீட்டைப்போல
நாலு இடத்தில் விசாரித்துவிட வேண்டுமென்று பட்டது.
ரிஜெக்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
தீவுக்கு இரண்டு பெயர்,
டிக்கெட்டில் புதிது, படகுக்காரர் வாயில் பழையது.
சங்கு பொறுக்கக் கூடாது.
பவளத்தை மிதிக்கக் கூடாது.
பிப்ரவரியில் ஐந்தரைக்கே பொழுது சாயும்.
இதற்குக் கீழே மட்டும் கோடு போட்டேன்.
எங்கள் சங்கு ஊதுவது ஆறு மணிக்கு.

பக்கத்து மெஷின் நஸ்ரீன் சொன்னாள்:
"உப்புத் தண்ணி கண்ல பூந்தா எரியும்.
எனக்குத் தெரிஞ்ச கடல் அவ்ளோதான்."
அதையும் எழுதிக்கொண்டேன்.

ஜெனிலாவின் புவியியல் புத்தகத்தில்
ஓதம் என்றொரு பாடம்.
எங்களுக்கு ஓதம் என்றால்
ஐப்பசியில் பீரோவுக்குப் பின்னால் ஏறுவது,
சுண்ணாம்பை உரிப்பது,
வீட்டுக்காரரிடம் சொன்னால்
"மழை நின்னா போய்டும்மா" என்பது.
கடலிலும் அதுதானாம்,
ஏறுவதும் இறங்குவதுமாக, அட்டவணை போட்டு.
அச்செடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைப் பையன் கேட்டான்:
"இன்னாக்கா இது, பஸ் டைமா?"
ஆமாம் என்றேன்.

இரண்டு வாரத்தில் தீவு மனப்பாடம்.
கண்ணை மூடினால் வந்ததென்னவோ
நகைக்கடை காலண்டரின் மே மாதம்.
ஒரு தென்னை, ஒரு படகு,
ஆள் ஒருவரும் இல்லை.

சனி இரவு, தங்கப்போகும் வீட்டுக்குப் போன் போட்டேன்.
எடுத்த அம்மாளுக்குத் தமிழ் பாதி, வங்காளம் பாதி.
நீச்சல் வருமா? வராது.
மீன் சாப்பிடுவீர்களா? முள்ளோடு.
பிறகு குரலை இறக்கி,
"தண்ணி மட்டும் பாத்து செலவு பண்ணணும் தீதி.
லாரி ரெண்டு நாளுக்கு ஒருக்காதான்."

லாரி.
நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு
லாரி.

வந்தார்கள் பாருங்கள் அப்போது,
குடத்தை வரிசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவள்,
அதை நகர்த்தியவள்,
ஹோஸின் நுனிக்குச் சண்டை போடுகிறவன்,
கடைசிச் சொட்டைச் சொம்பில் ஏந்தும் குழந்தை.
அந்த அம்மாளுக்கும் ஒரு சமையலறை வந்தது,
அதில் தட்டு போட்டு மூடிய அண்டா.
"எங்க ஊர்ல நாலு நாளுக்கு ஒருக்கா" என்றேன்.
சிரித்தாளா, மூச்சு விட்டாளா,
லைனில் தெரியவில்லை.

நேற்று பெட்டி அடுக்கும்போது ஏசுபாதம் பார்த்துவிட்டார்.
"கடலுக்குப் போறவளுக்கு எதுக்குடி சொம்பு?"
அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

இன்று ஐந்தரைக்கு
பாத்ரூம் டோக்கனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.
மலைமேல் வெயில் இன்னும் தாராளமாகக் கிடந்தது.
அங்கே விளக்குப் போட்டிருப்பார்கள்.
நாளைக்குத் தாங்குமா என்று
அந்த அம்மாள்
அண்டாவை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.