மேல் பாதி

ஹட்டன். பேக்கரிக்கு மேலே வாடகை அறை.
கீழே மாலுபாண் வேகும் நேரம்.
திரையில் தீராத ஒரு கேள்வி:
கழிவை எங்கே வைப்பது?

தோட்ட அலுவலகம் கேட்டது எளிது.
பெயர், மலை நம்பர், கிலோ.
மற்றதெல்லாம் ஒரு மடிப்புக்குள்;
தொட்டால் விரியும், தொடாவிட்டால் இல்லை.
'பார்க்கத் துப்புரவா இருக்கும்' என்றார்கள்.
துப்புரவாகத்தான் இருந்தது.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று,
முற்றலுக்கு ஐயாவின் மனம்போல,
எல்லாம் ஒரு சின்ன அம்புக்குறியின் வயிற்றில்.

பிறகு அந்தப் பேர்.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
அதற்குக் கீழ்விரி பட்டியலா, இரு வட்டங்களா,
தள்ளினால் நகரும் பொத்தானா?
பொத்தான் அழகு.
ஆனால் யாரும் தொடுமுன்பே
ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் அது.
எந்தப் பக்கம் என்று என்னைத்தான் கேட்டது.
இரு வட்டங்கள் போட்டேன், இரண்டும் வெறுமையாக.

செவ்வாய்க்கிழமை, மழையோடு மடுவத்துக்குப் போனேன்.
திலகேசனின் போன் பொலித்தீன் பைக்குள்.
நனைந்த விரலுக்கு
என் மூன்று தாவல்களில் ஒன்றும் அசையவில்லை.
அங்கேயே நின்று மூன்றையும் அழித்தேன்.

நான் வரையாத ஒன்றைச் செய்தது யோகமலர்.
கூடையை இறக்கி, படங்கை உதறி,
மேசைக்கு அந்தப் பக்கம் நின்று
கழுத்தைக் கோணலாக்கி
தலைகீழ் எழுத்தில் தன் கணக்கைப் படித்தாள்.
தராசில் பத்தொன்பது.
திரையில் பதினாறு;
அங்கிருந்து பார்த்தால் தொண்ணூற்றொன்று.
'அம்புட்டு எடுத்திருந்தா
எனக்கு அஞ்சு பேர் போடணுமே' என்று சிரித்தாள்.
திலகேசன் அரைப்பேர் வட்டத்தைத் தொட்டான்.

இரவு கரண்ட் போய் வந்த பிறகு
மடிப்பைப் பிரித்தேன்.
கழிவு ஒவ்வொன்றையும்
கிலோவுக்கு நேர்கீழே, அதே எழுத்தளவில் நிறுத்தினேன்.
திரையின் நடுவே ஒரு கோடு.
கீழ்ப்பாதி திலகேசனுக்கு.
மேல்பாதியை அப்படியே திருப்பி வைத்தேன்,
எதிரே நிற்பவள் கழுத்து நிமிர்ந்து படிக்க.

காலையில் அலுவலகக் குறிப்பு:
'மேல் பாதி தலைகீழாக வருகிறது.
பிழை. உடனே சரிசெய்க.'

மேசைக்கு எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள்
என்று அடித்துவிட்டு
அனுப்பாமல் இருக்கிறேன்.
இரண்டாம் தவணைக் காசு இன்னும் வரவில்லை.
கீழே பாண் வெந்துவிட்டது.