மூன்று பத்து

நூற்று நாற்பத்து மூன்று வரிகள்.
ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு சின்ன எழுத்து: ஆர், சி.
முதலாவது சொல்கிறது, ஆளை அனுப்பியாயிற்று.
இரண்டாவது சொல்கிறது,
அவன் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் இங்கேயே இருக்கிறது.

கிளாக்ஸ்விக் துறைமுகம், மீன் குளிரறைக்கு மேல்மாடி.
பிப்ரவரி. இந்தத் தீவில் மழை விழாது, குறுக்கே போகும்.
புது சர்வர் பெட்டி பிரிக்காமல் என் காலடியில்.
வேண்டியதை மட்டும் அதற்கு மாற்று என்றார் தோர்முன்ட்.
வேண்டியது எது என்று
அவரிடம் கேட்டால் மீன் என்பார்.

ஒவ்வொன்றாகத் திறக்கிறேன்.
ஃபேக்ஸ் நிரல் போய் ஒன்பது வருடம்;
கிரிம்ஸ்பி வியாபாரிகளின் எண்களை
அதன் கோப்பு இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறது,
செத்துப்போன இருவருடையதையும் சேர்த்து.
இரவு ஷிப்டில் யாரோ திருட்டுத்தனமாக ஏற்றிய பாட்டுப்பெட்டி:
ஒலி அளவு முப்பத்து நாலு.
அதற்கு மேல் வைத்தால் கீழே கேட்கும் போல.

ஒருமுறை, தவறுதலாக,
நீக்கிய நிரல் ஒன்றை மறுபடி ஏற்றிவிட்டேன்.
சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டு வந்தவனைப் போல
உட்கார்ந்தது, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது.
எங்கே போயிருந்தாய் என்று நானும் கேட்கவில்லை.

பிறகு இது.
நாலே வரிக் கோப்பு. தினம் அதிகாலை மூன்று பத்துக்கு
எழுந்து பார்க்கும், எடை நிரல் இருக்கிறதா என்று.
இருந்தால் ஓட்டு. இல்லையென்றால் சத்தம் போடாமல் படு.
நிரலை நீக்கியவள் நான்தான், பதினோரு வருடத்துக்கு முன்னால்.
நாலாயிரத்துச் சொச்சம் இரவு
இருக்கிறாயா
இல்லை
சரி.

அதன் மேலே ஒரு குறிப்பு:
மாற்றுவதற்கு முன் மர்யுனைக் கேட்கவும்.
மர்யுன் நான்தான்.
கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

ஹெர்யான் எழுதியது. குறிப்பிலும் முற்றுப்புள்ளி வைப்பவன்
வேறு யாரும் இங்கே வேலை பார்த்ததில்லை.
இப்போது ஆல்போர்கில் வெப்ப பம்பு விற்கிறான்.
போன் எடுத்தான். பின்னால் ஒரு குழந்தை
கரண்டியால் எதையோ அடித்துக்கொண்டிருந்தது.
எந்த மெஷின் என்றான்.
அது இன்னும் இருக்கா என்றான்.
மூன்று பத்தா, என்று கொஞ்சம் யோசித்தான்.

படகுக்காரர்கள் மூன்று மணிக்கு எடை சொல்வார்கள்.
நீ கையுறையோடு டைப் அடிப்பாய்.
உனக்குப் பத்து நிமிஷம் விட்டேன்.

அவ்வளவுதான். குழந்தை கூப்பிட, வைத்துவிட்டான்.

மறந்தேபோயிருந்தது, அந்த வருடம்
ஹீட்டர் கெட்டுக் கிடந்ததும்,
எழுத்துக்கு எழுத்து தப்புத் தப்பாக விழுந்ததும்,
எப்படியோ எல்லாம் முடிந்த பிறகுதான் கணக்கு ஓடுகிறது,
நமக்கு அதிர்ஷ்டம் என்று நான் நினைத்ததும்.

பர்ஜ் என்று அடித்தேன்.
நூற்று நாற்பத்து மூன்றும் வேரோடு போயின,
இரண்டு அடைவுகளைத் தவிர:
காலியாக இல்லை, ஆகவே நீக்கவில்லை என்றது மெஷின்.
அவற்றில் என்ன இருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை.
மிச்சமான இடம்
ஒரு காட் மீனைப் போட்டோ எடுத்தால் நிரம்பிவிடும்.

மறுநாள் காலை பதிவேட்டைப் புரட்டினேன்.
மூன்று ஐந்துக்கு ஒரு வரி. மூன்று பதினைந்துக்கு ஒரு வரி.
நடுவே யாரும் யாரையும் கேட்கவில்லை.
கீழே குளிரறை, மைனஸ் இருபத்து நாலு, எப்போதும்போல.
புதுப் பெட்டியின் டேப்பைக் கிழித்தேன்,
கையுறையைக் கழற்றாமல்,
மெதுவாக.