வில்மாருக்கு விடுமுறை

ஓட்டுநரைப் பயணியாக உட்கார வைத்தால் இப்படித்தான்.
வளைவு வரும்போதெல்லாம்
இல்லாத பிரேக்கை மிதிக்கிறது அவர் வலது கால்.
மொந்தெவிதேயோ இன்னும் கண் திறக்கவில்லை.
முன்னிருக்கைப் பெண்ணின் கொண்டையைக் குத்துகிறது
எங்கள் மூங்கில் தூண்டில்.
நான் மன்னிப்புக் கேட்கிறேன்.
அவர், "இங்கே இரண்டாவது கியர் போடணும்" என்கிறார்,
இருட்டுக் கண்ணாடியிடம்.

ஜூலை. எங்கள் பக்கத்தில் அது குளிர்காலம்.
கடற்பாலத்துப் பலகைகளில்
நேற்று வந்தவர்களின் செதில்கள்.
வரைபடத்தில் இது ஆறு.
அக்கரை தெரியாததால்
ஊரே கடல் என்கிறது.
வில்மார் மட்டும் வரைபடத்தின் கட்சி.
விரலை நனைத்து நக்கிப் பார்த்து
"ஆறுதான்" என்கிறார்.
நானும் நக்கிப் பார்க்கிறேன், அதே விரலை.
உப்பு.
"அது இறால் தொட்ட கை, நெலிதா."
வருஷா வருஷம் இந்த வழக்கு
தீர்ப்பில்லாமல் ஒத்திவைக்கப்படுகிறது.

சுரைக்குடுக்கையில் மாத்தே.
பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கியபடி
ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவார்.
கசப்பு. ஒரே உறிஞ்சுகுழல்,
அவர் வாய், என் வாய், மறுபடி அவர் வாய்.
வாங்கும்போது நன்றி சொல்லக் கூடாது:
சொன்னால், போதும், இனி வேண்டாம் என்று பொருள்.
முப்பத்தொரு வருஷமாய்
நன்றி கெட்டவளாகவே இருக்கிறேன்.

பத்தரைக்கு வந்தது மீன் கூட்டம்.
தண்ணீருக்கடியில் யாரோ சில்லறை கொட்டியதுபோல.
பாலம் முழுக்கத் தூண்டில்கள் நிமிர்ந்தன.
பக்கத்தில் நின்ற தபால்காரருக்கு
ஒரே வீச்சில் மூன்று.
அந்த நேரம் பார்த்து
என் நூலும் அவர் நூலும் சிக்கிக்கொண்டன.
"நீதான் என் பக்கம் வீசினே."
"காற்றைக் கேளுங்க."
அவர் மிதவை மூன்று, என் மிதவை மூன்று,
நடுவில் ஒரு குருவிக்கூடு.

பெட்டியில் கத்தி இருந்தது.
இரண்டு பேரும் எடுக்கவில்லை.
அவருக்கு முடிச்சு தெரியாது,
கைக்கெட்டும் தூரம் எல்லாமே இப்போது மூட்டம்.
ஆகவே நான் கண், அவர் நகம்.
"இடது. அதில்லை, கீழே போறது.
விடுங்க. விடுங்கன்னு சொன்னேனே."
மரத்துப்போன விரல்களில்
எது யாருடையது என்று ஒரு கணம் குழம்பியது.

ஏப்ரலில் கண் பரிசோதனையில் தோற்றார்.
கம்பெனியிலிருந்து வந்த கடிதத்துக்கு
அவர் வைத்த பெயர்: விடுமுறை.
நானும் அப்படியே சொல்லிவந்தேன்,
மளிகைக் கடையில், மகளிடம் போனில்.
இப்போது, முடிச்சைப் பார்க்கிற பாவனையில் கேட்டார்:
"நாள் முழுக்க என்னை வீட்டில் வெச்சுக்கிட்டு
என்ன செய்வே?"
"தெரியலை" என்றேன்.
அவர் தலையாட்டினார்,
சரியான சில்லறை கொடுத்த பயணியிடம்
ஆட்டுவதுபோல.

கடைசியில் பல்லால் கடித்து அறுத்தேன்.
"உப்பா?" என்றார்.
"உப்பு."
"இறால்" என்றார்.
அதற்குள் கூட்டம் போய்விட்டது.
மத்தியானம் எங்களுக்கென்று வந்தது ஒன்றே ஒன்று,
சாண் நீளம், விலாவில் வெள்ளிக் கோடு.
தபால்காரர் தன் வாளியிலிருந்து நான்கு தந்தார்.
அவருக்கு நன்றி சொன்னோம், இரண்டு பேரும், ஒரே குரலில்.

திரும்பும் பேருந்தில்
மீன் பை என் முழங்காலில் சொட்டிக்கொண்டிருந்தது.
வில்மார் தூங்கிவிட்டார்.
கால் தூங்கவில்லை.
பாலத்துக்கு முன்னால் வரும் அந்தக் கெட்ட வளைவில்
ஓட்டுகிற பையன் வேகமாகத்தான் திருப்பினான்.
என் காலும் மிதித்தது.