சோர்

டோம்பிவிலியில் ஏறுகிறேன்.
ஏறுகிறேன் என்றால்
பின்னால் வருகிறவளின் தோள் என்னை ஏற்றிவிடுகிறது.
ஏழு பன்னிரண்டு, அப் ஃபாஸ்ட்.
கடலைப் பார்த்துப் போகிற தண்டவாளத்துக்கு
அப் என்று பெயர் வைத்தவன்
தானே வரை நின்றுகொண்டு போயிருக்க மாட்டான்.

ஃபோர்ட்டில், மூன்றாம் மாடியில், என் வேலை
பங்குச் சந்தை ஆங்கிலத்தை
நாலரைக்குள் தமிழாக்கி அனுப்புவது.
அங்கே எதுவும் சும்மா ஏறாது.
வங்கி ஜம்ப். மருந்து க்ளைம்ப். எண்ணெய் ஸ்பைக்.
சிமென்ட் மட்டும், பாவம், இஞ்ச் அப்.
என் பையிலும் சரக்கு உண்டு:
எகிறியது, துள்ளியது, எம்பியது, தாவியது,
நாலு பைசாவுக்குத் தலைதூக்கியது.
வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டார்,
இது சந்தையா, குரங்குக் கூட்டமா?

சோர் வந்தால்தான் கை நிற்கும்.
கழுகு மாதிரி, சிறகசைக்காமல், மேலே மேலே
என்று அதற்கு அர்த்தம்.
அப்படியே தமிழில் தட்டிப் பார்த்தேன்.
வானத்தில் இருந்த சொல்
என் திரையில்
தோளைத் தொங்கப்போட்டு நின்றது.
கொஞ்ச நேரம் அழிக்கவில்லை.

சம்பளம் கேட்டேன் நிமேஷ் பாயிடம்.
டேக் அப் பண்றேன் என்றார்.
மூன்று தீபாவளி போயிற்று.
எடுத்துக்கொண்டு மேலே போனவர்
எந்த மாடியில் வைத்துவிட்டு மறந்தாரோ.

சந்தை வாசலில் வெண்கலக் காளை.
பழைய தமிழில் காளைக்குப் பேரே ஏறுதான்.
இதைச் சொல்ல ஆளில்லாமல்
டீக்கார ராம்சேவக்கிடம் சொன்னேன், என் ஓட்டை இந்தியில்.
யோசித்துவிட்டுக் கேட்டான்:
படுத்தாலும் அதே பேரா?

இரவு, டவுன் ஸ்லோ. வீட்டு லிஃப்ட் செவ்வாயிலிருந்து இல்லை.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு
கேஸ் பையன் உட்கார்ந்திருக்கிறான்.
இந்நேரத்தில் கொண்டு வருகிறார்கள்.
சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது.
நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.
போன மாத பில் நினைவு வந்தது,
அதற்கு நான் போட்ட வினைச்சொல்லும்:
விலை உயர்ந்தது.
உயர்ந்தது!
இந்த ஐம்பத்தாறு படிக்கு என்ன போடுவது
என்று முனகும்போது
வாயிலிருந்து விழுந்தது, சோர்.

அவன் காதில் அது இந்தித் திருடன்.
எங்கே, எங்கே என்று
படிக்கட்டின் இருட்டைப் பார்த்துக்கொண்டே
சிலிண்டரைத் தோளுக்குத் தூக்கி
ஒரே மூச்சில்
எழுந்துவிட்டான்.